வராமல் நின்றவர்கள்

என் அக்கா ஒரு கிளை நூலகத்தில் நூலகர். வாசகர்கள் வைத்த பெயர் 'உஷ் மேடம்'. வீட்டில் குக்கர் விசில் அடித்தால்கூட அதைப் பார்த்து விரலை உதட்டில் வைப்பாள். அப்பேர்ப்பட்டவள் சனிக்கிழமை மதியங்களில் மட்டும் நூலகத்தில் கூச்சலைப் பொறுத்துக்கொண்டாள். எழுத்தறியாத பெரியவர்களுக்காக அவளே தொடங்கிய வாசிப்பு வகுப்பு அது. முடிதிருத்துபவர், காய்கறிக்காரர், வாட்ச்மேன் என்று நாளிதழ் அறை நிரம்பி வழியும். எழுத்துக் கூட்டி எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள்.

அவர்களில் இஸ்திரி போடும் அம்மாவுக்குத்தான் படிப்பு மெதுவாக வந்தது. பஸ் போர்டை யாரிடமும் கேட்காமல் தானே படிக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

"மேடம், போன வாரம் வந்த எழுத்து இன்னிக்கு ஓடிப் போச்சு" என்று சிரிப்பார். அக்காவும் சலிக்காமல் ஓடிப் போனதைப் பிடித்து வந்து உட்கார வைப்பாள்.

வகுப்பால் பயன் உண்டா என்று தலைமை அலுவலகம் கேட்டது. பயனை எப்படி அளப்பது என்று அவர்களும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. வந்த தலைகளை எண்ணி மாதாமாதம் அனுப்பினாள். முதலில் அறை கொள்ளாத கூட்டம். பிறகு பாதி. பிறகு விரல்விட்டு எண்ணலாம். கடைசியில் இஸ்திரி அம்மா ஒருவர்தான்.

"கொஞ்சம் கூட்டிப் போட்டு அனுப்பேன்க்கா" என்றேன்.

"இல்லாத ஆளை எங்கேருந்துடா கொண்டு வரது? என்னால பொய் எழுத முடியாது."

பொய் எழுத வேண்டாம், சரி. வந்தவர்கள் ஏன் நின்றார்கள் என்று ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாமே! அது எங்கள் இருவர் மண்டையிலும் உதிக்கவில்லை. வகுப்பை மூடச் சொல்லி உத்தரவு வந்தது.

சில மாதங்கள் கழித்து இருவரும் வகுப்புக்கு வந்த அந்த முடிதிருத்துபவரின் கடையைத் தாண்டிப் போனோம். காத்திருந்தவர்களுக்கு அவர் நாளிதழை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். அக்கா அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏங்க, பாதியில வகுப்புக்கு வராம நின்னுட்டீங்களே?"

"அதான் படிக்க வந்துடுச்சே மேடம்! அப்புறம் எதுக்கு வந்து இடத்தை அடைச்சுக்கிட்டு?"

காய்கறிக்காரரும் வாட்ச்மேனும் அப்படித்தான் நின்றார்களாம்.

ஆள் குறையக் குறைய வகுப்பு ஜெயித்திருக்கிறது. அதைத் தோல்வி என்று எழுதி அனுப்பியவள் அவளேதான். மறுநாளே தலைமை அலுவலகத்துக்கு ஓடினாள். நாளிதழ் அறைக்குக் கம்ப்யூட்டர்கள் வந்தாயிற்று என்று கையை விரித்துவிட்டார்கள்.

அன்று மாலை என்னையும் இழுத்துக்கொண்டு இஸ்திரி வண்டிக்குப் போனாள். வீட்டுக்கே வந்து சொல்லித் தருவதாகச் சொன்னாள். அந்த அம்மா பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"வேணாம் மேடம். எல்லாருக்கும் படிப்பு ஏறிடுச்சு, எனக்கு மட்டும் ஏறலை. கடைசியில இந்த மக்கு மட்டும் மிச்சம் இருந்ததாலதானே வகுப்பையே மூடிட்டாங்க? உங்க பேரையும் கெடுத்துட்டேன்."

"ஐயோ, இல்லம்மா! தப்பு என்னோடது. நான்தான் தப்பா கணக்கு அனுப்பிட்டேன்."

"என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றீங்க. எனக்குத் தெரியாதா?"

அக்கா எவ்வளவோ சொன்னாள், கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். பெட்டி ஆறிவிடும் என்று கையை மெல்ல விடுவித்துக்கொண்டு அந்த அம்மா அடுத்த சட்டையை விரித்தார். அவள் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட அவர் நம்பவில்லை.