பாதம் பார்க்கும் கண்ணாடி

அந்தக் கைக்கண்ணாடியில் அத்தை ஒருநாளும் முகம் பார்த்ததில்லை. உள்ளங்கை அளவு, சிவப்புப் பிளாஸ்டிக் விளிம்பு, ஒரு மூலையில் மட்டும் ரசம் போயிருக்கும். நகரி பஸ் நிலையத்து வளையல் கடையில் வாங்கியது. காலையில் எழுந்ததும், இரவு படுக்கும் முன்பும், கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காலைச் சற்றுத் தூக்கித் தரைக்கும் பாதத்துக்கும் நடுவில் அதைப் பிடிப்பாள். முதலில் குதிகால், பிறகு நடுப்பாதம், கடைசியில் விரல் இடுக்குகள். இந்த வரிசை மாறாது. எதையும் வரிசையாகச் செய்து பழகிய எனக்கே அதில் ஒரு பொறாமை உண்டு.

அவள் நைனாவின், என் அப்பாவின், தங்கை. நகரியில் வீட்டை ஒட்டிய கொட்டகையில் விசைத்தறி ஓட்டினாள். காலமெல்லாம் வெறுங்காலில் நின்ற வேலை. சர்க்கரை இருப்பது அவளுக்குத் தெரியும். மாத்திரையை நினைத்தபோது போட்டுக்கொள்வாள். ஆனால் தோல் வெகு நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தது, கேட்கத்தான் ஆளில்லை. கழுத்தின் பின்பக்கம் கறுத்துத் தடித்திருந்தது. "தறி அழுக்கு, போவவே மாட்டேங்குது" என்று பீர்க்கங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்வாள். முழங்காலுக்குக் கீழே தவிட்டு நிறத்தில் வட்ட வட்டமான தழும்புகள். தறிக்கட்டை இடித்தது என்றாள். குதிகால் வேர்ப்பதே இல்லாமல் வறண்டு, ஏரித் தரை மாதிரி வெடித்துக் கிடந்தது. இவை ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது. எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றே என்று யாருக்கும் தோன்றவில்லை.

புரட்டாசியில் அவர்கள் தெருவிலிருந்து ஒரு பஜனை கோஷ்டி திருப்பதிக்கு நடந்து போகும். வெறுங்கால் என்பது கட்டுப்பாடு. அந்த வருஷம் நான் சித்தூர் அலுவலகத்தில் லீவு சொல்லிவிட்டுப் புத்தூரில் அவர்களோடு சேர்ந்துகொண்டேன். வடமாலபேட்டையை நெருங்கும்போது உச்சி வெயில். தார் இளகி மினுமினுத்தது. எல்லாரும் சாலை ஓரத்து வெள்ளைக் கோட்டின்மேல், கயிற்றில் நடப்பவர்கள் போல, ஒருவர் பின் ஒருவராகப் போனோம். அதில்தான் சூடு கொஞ்சம் குறைவு. அத்தை மட்டும் கறுப்புத் தாரில் கோவிந்தா சொல்லியபடி சாவகாசமாக நடந்தாள்.

"கோட்டு மேல வா அக்கா, கால் வெந்துடும்" என்றாள் எதிர்வீட்டு லட்சுமி.

"எனக்குச் சுடவே இல்லடி. அவரு பாத்துக்கிறாரு" என்று அத்தை மலையைக் காட்டினாள்.

கோஷ்டியே சிலிர்த்துப் போயிற்று. மோர்ப்பந்தலில் உட்கார்ந்ததும் பெரியவர்கள்கூட அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். லட்சுமி குனிந்து இரண்டு கையாலும் பாதத்தைப் பற்றினாள். எடுத்தபோது அவள் கையோடு தோல் வந்தது. ஈரமாக, வெந்த உருளைக்கிழங்கின் தோலைப் போல. அத்தை அதைப் பார்த்துவிட்டு, "யாருதுடி அது?" என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் என்னை உலுக்கியது. அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

அன்றைக்கே ஆட்டோ பிடித்துத் திருப்பதிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் ஒரு மெல்லிய நைலான் இழையால் அவள் பாதத்தை இங்கும் அங்கும் தொட்டு, "நொப்பி லேதா அம்மா?" என்றார். வலி இல்லையா என்று. லேது சார், சாமி தயை என்றாள் அத்தை. அவர் சிரிக்கவில்லை. சர்க்கரை நரம்பைத் தொட்டுவிட்டது, அதனால் சூடும் வலியும் தெரியாது, வேர்வை சுரக்காததால்தான் தோல் வெடிக்கிறது, வெடிப்பு வழியாகக் கிருமி இறங்கும், ரத்த ஓட்டம் குறைந்த காலில் புண் ஆற நாளாகும் என்று பொறுமையாகச் சொன்னார். கழுத்துக் கறுப்பைப் பார்த்து, இதுவும் அழுக்கில்லை, தேய்க்காதீர்கள் என்றார். பாதம் ஆறியது. இடது சுண்டுவிரல் மட்டும் கறுத்துவிட்டது. அதை எடுக்க வேண்டி வந்தது.

தெரு அதற்குள் மாறிவிட்டது. அன்று காலைத் தொட்டுக் கும்பிட்டவர்களே, விரதத்தில் ஏதோ குறை, அதான் சாமி கேட்டுவிட்டார் என்றார்கள். அத்தை காதுபடவே சொன்னார்கள். அவள் அழுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் கண்ணாடி வாங்கினாள்.

புண் நன்றாக ஆறி, அதற்கடுத்த புரட்டாசியில், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, மெத்தென்ற உள்ளடி வைத்த ஷூவும் வெள்ளைக் காலுறையும் போட்டுக்கொண்டு கோஷ்டி கிளம்பும் இடத்தில் போய் நின்றாள். நானும் உடன் இருந்தேன். கோஷ்டிப் பெரியவர் அவள் காலையே பார்த்தார்.

"இன்னாம்மா இது, போலீஸ் வேலைக்கா போற? ஷூ போட்டுக்கினு சாமிகிட்ட வர்றதா? கட்டுப்பாடுன்னு ஒண்ணு இருக்குது."

"முடி தரேன்னுதான் வேண்டிக்கினேன்" என்றாள் அத்தை. "விரலும் சேத்துக் குடுத்தாச்சு. மீதி என்னுது."

"அப்போ எங்களோட வராத."

"ரோடு உங்க ஊட்டுதா?"

அப்படியே நடந்தாள். கோஷ்டிக்குச் சற்றுப் பின்னால், நாங்கள் இரண்டே பேர். நிழல் கண்ட இடத்திலெல்லாம் உட்கார்ந்தாள். ஷூவைக் கவிழ்த்துக் கல் இருக்கிறதா என்று தட்டினாள், உள்ளே கையை விட்டுத் துழாவினாள், கண்ணாடியை எடுத்துப் பாதம் பார்த்தாள். வடமாலபேட்டையில் அதே மோர்ப்பந்தல். கோஷ்டி முழுக்க அங்கே இருந்தது. ஓரமாகப் போய்விடலாம் என்று நான் கையைப் பிடித்தேன். அவள் உதறிவிட்டு நடுப்பெஞ்சில் உட்கார்ந்து, காலுறையைக் கழற்றி, விரல் போன இடம் எல்லாருக்கும் தெரியும்படி காலை நீட்டிக் கண்ணாடியைப் பிடித்தாள்.

"அழகு பாக்குறா பாரு" என்றது ஒரு குரல். சிலர் சிரித்தார்கள்.

"ஆமா, அழகாத்தான் இருக்குது. ஒம்போதும் இருக்குது" என்றாள், தலை நிமிராமல்.

லட்சுமி மோர் டம்ளரைக் கீழே வைத்தாள். அவளுக்கும் சர்க்கரை என்பது அதுவரை தெருவில் யாருக்கும் தெரியாது. எழுந்து வந்து அத்தை பக்கத்தில் உட்கார்ந்தாள். "அக்கா, அத இப்படிக் குடு" என்று கையை நீட்டினாள். பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிப்பு நின்றுவிட்டது.

மலையடிவாரத்து அலிபிரியிலிருந்து அத்தை பஸ்ஸில் மலையேறினாள். படி ஏறவில்லையே என்று கேட்டவர்களுக்கு, "பஸ்ஸுல வந்தவங்களத் திருப்பி அனுப்புறாரா?" என்றாள்.

அத்தை இப்போது இல்லை. மாரடைப்பில் போனாள். கடைசிவரை அந்த ஒன்பது விரலும் அவளிடமே இருந்தன.

எனக்கும் சர்க்கரை வந்துவிட்டது. கழுத்தில் அதே கறுப்பு. சுடிதார் காலரை ஏற்றித் தைத்துக்கொள்ளச் சொன்ன தையற்காரரிடம், வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன். போன வாரம் அலுவலகத்தில் மதிய உணவு நேரத்தில் செருப்பைக் கழற்றி, அந்தச் சிவப்பு விளிம்பு வைத்த கண்ணாடியைப் பாதத்துக்குக் கீழே பிடித்தேன். எதிர்மேசைக்காரர் முகம் சுளித்தார். "மேடம், சாப்பிடுற எடத்துல இன்னா இது?"

குதிகால் முடிந்து நடுப்பாதத்துக்கு வந்திருந்தேன். விரல் இடுக்குகளையும் பார்த்து முடித்துவிட்டுத்தான் அவருக்குப் பதில் சொன்னேன்.