பக்கத்து இருக்கையில் தூங்கியவர்

நியூ ஜெர்சியில் ஒரு பழைய நகர அரங்கம். அதன் கூரையின் சுதை வேலைப்பாட்டைப் பார்க்கும் ஆசையில்தான் அந்தச் சனிக்கிழமை கச்சேரிக்குப் போனேன். பக்கத்து இருக்கைக்கு அறுபது வயதைத் தாண்டிய தமிழ்ப் பெண்மணி ஒருவர் வந்தார். பட்டுப் புடவை, மேலே குளிர் ஜாக்கெட், கண்ணுக்குக் கீழே கருவளையம். உட்கார்ந்ததும் ஷூவைக் கழற்றினார்.

"தப்பா நினைக்காதீங்க, நான் தூங்கிடுவேன். முடிஞ்சதும் எழுப்பி விடுறீங்களா?"

"கச்சேரி கேட்க வரலையா, ஆன்ட்டி?"

"என் ஹஸ்பண்டுக்குத்தான் பாட்டுன்னா உயிர். ஸ்ட்ரோக் வந்து படுத்துட்டார். ராத்திரியெல்லாம் நான்தான் திருப்பிப் படுக்க வைக்கணும். சனிக்கிழமை பையன் வந்து பார்த்துப்பான். நீ போய்க் கேட்டுட்டு வந்து சொல்லுன்னு இவரே டிக்கெட் புக் பண்ணச் சொல்லிடுவார். ஒவ்வொரு தடவையும் வந்து தூங்கறேன்."

முதல் பாட்டு முடிவதற்குள் தூங்கிவிட்டார். மிருதங்கத்துக்கும் அசையவில்லை. அரங்கமே எழுந்து கைதட்டியபோதும் எனக்கு எழுப்ப மனம் வரவில்லை. கூட்டம் கலைந்த பிறகுதான் தோளைத் தொட்டேன்.

பதறி எழுந்தார். "கடைசியா என்ன பாடினாங்க? கேட்பாரே!"

சொன்னேன். அதை முணுமுணுத்தபடியே படியிறங்கிப் போனார்.

மனைவி கொஞ்சம் தூங்கட்டும் என்றுதான் அந்த மனிதர் கச்சேரிக்கு அனுப்புகிறாரோ என்று எனக்கு இன்றும் ஒரு சந்தேகம் உண்டு.