தலைக்குள் இருந்த மெட்ராஸ்

முதலில் ஆடியது என் கணவரின் வலது கைப் பெருவிரல்தான். ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் அகதிகளுக்கான விடுதியின் பொதுச் சமையலறையில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "இஞ்சரும், இது தன்ரபாட்டில ஆடுது" என்று சிரித்தபடி காட்டினார். நானும் சிரித்தேன். அதற்குள் கை முழுவதும் வெட்டி இழுத்தது. அவர் நிலத்தில் கிடந்தார்.

"இரும்பு, இரும்பு!" என்று யாரோ கத்தினார்கள். சாவிக்கொத்துகளை அவர் கைக்குள் திணித்தார்கள். ஒருவர் தோசைக்கல்லையே தூக்கி வந்தார். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று நானும் அந்தத் தோசைக்கல்லை நம்பினேன். வலிப்பை இரும்பு நிறுத்தாது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாய்க்குள் எதையும் வைக்காதீர்கள், அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

அது 1988. மருத்துவமனையில் சிடி ஸ்கான் (தலையின் உட்புறத்தை அடுக்கடுக்காகக் காட்டும் படம்) எடுத்தார்கள். மூளையின் இடப்பக்கம் ஒரு வட்டப் புள்ளி. கட்டியாக இருக்கலாம், மண்டையோட்டைத் திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார்கள். அந்த இடத்தில் கத்தி வைத்தால் வலது கையும் பேச்சும் பாதிக்கப்படலாம் என்பதையும் மறைக்கவில்லை. ஊரில் கணக்குப் படிப்பித்தவர் அவர். பேச்சில்லாத அவரை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

எங்களுக்கு மொழிபெயர்க்க வந்தவர் குலம் அண்ணை. நெடுங்காலம் ஜெர்மனியில் இருப்பவர். மருத்துவரோடு பேசிவிட்டு நடைபாதைக்கு வந்து, என் காதோடு சொன்னார்:

"நல்ல காலம் தங்கச்சி. இந்தியாவில இருந்தனீங்களோ எண்டு டொக்டர் கேட்டவ. இவர் கெட்டிக்காரன், ஒருநாளும் இல்லையெண்டு சொல்லிப்போட்டார்."

அது பொய். 83இல் இலங்கையை விட்டு வெளியேறியபின் இரண்டு வருடம் நாங்கள் மெட்ராஸில் இருந்தோம். ஆனால் தஞ்சம் கேட்கும்போது இந்தியா என்று வாயே திறக்கக் கூடாது என்று எல்லோரும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அங்கே பாதுகாப்பாகத்தானே இருந்தீர்கள், அங்கேயே போங்கள் என்று சொல்லிவிடுவார்களாம். அதனால் எங்கள் கதையில் விமானம் கொழும்பிலிருந்து நேரே பெர்லினுக்குப் பறந்தது. சொல்லிச் சொல்லி, தனியே இருக்கும்போதுகூட மெட்ராஸைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டோம்.

"தலையைப் பாக்கிற டொக்டருக்கு இந்தியா எதுக்கு, அண்ணை?"

"அதை நான் ஏன் கேக்கப்போறன்?"

நான் நேரே அவருடைய கட்டிலுக்குப் போனேன். "உள்ளதைச் சொல்லுங்கோ" என்றேன்.

"விசர்க்கதை கதையாதையும். அது தஞ்ச வழக்குப் பாக்கிற கந்தோருக்குப் போய்ச் சேர்ந்தா? திருப்பி அனுப்பினா என்ன செய்யிறது?"

"தலையை வெட்டின பிறகு எங்க அனுப்பினா என்ன?"

கோபத்தில் வந்த வார்த்தை. அவர் கண் கலங்கியதும் எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை.

மறுநாள் காலை மருத்துவர் வந்தபோது குலம் அண்ணை இல்லை. எனக்குத் தெரிந்த கையளவு ஜெர்மன் மொழியில் சொன்னேன்: "இந்தியா. மெட்ராஸ். இரண்டு வருடம்." என் கணவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஓய்வுபெறும் வயதை நெருங்கிய அந்த மருத்துவர் அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவருடைய தோளில் கை வைத்தார். இங்கே சொன்னது இந்த அறையை விட்டு வெளியே போகாது என்று, எனக்கு விளங்கும்வரை மெதுவாகத் திரும்பத் திரும்பச் சொன்னார். அறுவைச் சிகிச்சையை ஒத்திவைத்து, இரத்தத்தையும் முள்ளந்தண்டு நீரையும் (மூளையையும் முதுகெலும்புக்குள் உள்ள நரம்பையும் சூழ்ந்திருக்கும் திரவம்) சோதனைக்கு அனுப்பினார்.

வந்த பதில்: மூளையில் நாடாப்புழுத் தொற்று.

விடுதியில் அவர் களவாகப் பன்றி தின்றார் என்று கதை பரவியது. முட்டைகூடத் தொடாத மனிதர். நோயைவிட அந்தப் பேச்சு அவரை வாட்டியது. சமையலறையில் எல்லோரும் கூடியிருந்த நேரம் பார்த்து, மருத்துவர் சொன்னதை நான் சத்தமாகவே விளக்கினேன். சரியாக வேகாத பன்றியிறைச்சியால் வருவது குடலில் வாழும் புழு. அந்தப் புழு உள்ளவரின் மலத்திலிருந்து முட்டைகள் கழுவாத கையிலும் தண்ணீரிலும் பச்சைக் கீரையிலும் ஒட்டிக்கொள்ளும். அதை விழுங்குகிற யாருக்கும், சைவக்காரருக்கும், அது மூளைக்குப் போய்க் கூடு கட்டலாம். வருடக்கணக்கில் பேசாமல் கிடந்து, சாகும்போதுதான் பெரும்பாலும் தொல்லை தரும்.

இந்தியாவில் பரவலாக உள்ள இந்த நோய் ஒருகாலத்தில் ஜெர்மனியிலும் இருந்தது என்று மருத்துவர் சொன்னார். அப்போது செத்தவர்களின் தலையைத் திறந்தபோதுதான் கண்டார்களாம். பிறகு எக்ஸ்ரேயில் சுண்ணாம்புப் புள்ளிகளாகத் தெரிந்தது. இப்போது ஸ்கான் உயிரோடு இருப்பவரிலேயே காட்டுகிறது. ஆனால் எங்கே வாழ்ந்தார் என்று அந்த ஆளைத்தான் கேட்க வேண்டும் என்றார்.

புழுவைக் கொல்லும் மாத்திரையும் வீக்கத்தைக் குறைக்கும் மருந்தும் கொடுத்தார்கள். முதல் சில நாள் தலைவலி கூடியது. புழு சாகும்போது அப்படித்தான் என்றார்கள். உங்கள் வீட்டிலும் அப்படி நடந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்த வருடம் எடுத்த படத்தில் குறுநொய் அளவு வெள்ளைப் புள்ளி மட்டும் இருந்தது. அது இனிப் போகாதாம். தஞ்ச வழக்கு அப்போதும் முடிந்திருக்கவில்லை. அவர் இன்றும் வலிப்பு மாத்திரை எடுக்கிறார்; கத்தியைக் கையில் எடுக்குமுன் பெருவிரலை ஒருமுறை பார்த்துக்கொள்கிறார்.

அந்தப் படத்தைப் பார்த்த அன்று, வீடு திரும்பும் வழியில் இடப்பக்க நெற்றியைத் தடவியபடி கேட்டார்: "மெட்ராஸில, காசு வாங்காமல் எங்களுக்குத் தயிர் தந்த வீட்டுக்கார அம்மான்ர பேர் என்ன?"

பஸ்ஸில் எங்களைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள். இருந்தும் அந்தப் பெயரைச் சத்தமாகவே சொன்னேன்.