எட்டாவதாக வருகிறவளுக்குத் தங்கம்

அவரை எல்லோரும் நிழலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிகளுக்கு இடையிலான ஓட்டப் போட்டியில் மெடல் வாங்கும் பெண்களுக்குச் சில சமயம் ஊக்கமருந்துச் சோதனை நடக்கும். ஜெயித்த பெண்ணின் பின்னாலேயே போய், கழிப்பறைக்குள்ளும் கூட நின்று, சிறுநீர் பாட்டிலில் விழுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். அதுதான் அக்காவின் வேலை. உறவுக்காரர்கள் கேட்டால், "விளையாட்டுத் துறையில இருக்கேன்" என்பார். பொய்யில்லைதான்.

வேலையில் படு கறார். கூச்சப்படும் பிள்ளைக்காகக் குழாயைத் திறந்துவிடுவார். கண்ணை மட்டும் திருப்ப மாட்டார். சத்து மாவு என்று எதையாவது கரைத்துக் கொடுக்கும் கோச்சுகளைக் கண்டாலே அவருக்கு ஆகாது. சோதனை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிள்ளைகளை உட்காரவைத்து அதே பாட்டுத்தான்: "சளி மாத்திரையா இருந்தாலும் கேக்காம முழுங்காதீங்க. முழுங்கிட்டா மறைக்காதீங்க." பிள்ளைகள் அவர் முதுகுக்குப் பின்னால் அப்படியே நடித்துக் காட்டுவார்கள். நேரம் குறிக்கும் வேலையில் இருந்த நானும் சிரித்திருக்கிறேன்.

அவருடைய மகளும் ஓடுவாள். பள்ளிக்கு ஒருத்தியாக எட்டுப் பேர் ஓடினால் அவள் எட்டாவதாக வருவாள். அதில் அம்மாவுக்கும் மகளுக்கும் துளி வருத்தம் கிடையாது.

ஒரு போட்டியன்று காலை மகளுக்கு மூக்கு ஒழுகியது. அக்கா ஒரு சளி மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். அதில் தடை செய்த சரக்கு இருப்பது அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். சோதனை வண்டி வரப்போவதும் தெரியும். ஆனால், எட்டாவதாக வருகிறவளை எந்தப் புண்ணியவான் கூப்பிடப்போகிறான்?

வண்டி மைதானத்துக்குள் நுழைந்ததுதான் தாமதம். ஒருத்தி தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒருத்திக்கு வயிற்றைப் புரட்டியது. இன்னொருத்திக்குக் கால் பிசகியதை அவளுடைய கோச்தான் முதலில் கண்டுபிடித்தார். இப்படியே ஏழு பேரும் விலக, கடைசியில் கோட்டில் நின்றது மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா மகள் மட்டும்தான். தனியாக ஓடினாள், மற்றவர்கள் எங்கே என்று திரும்பித் திரும்பிப் பார்த்தபடி. தங்கம்! எல்லோரும் கைதட்டினோம். அக்கா தட்டவில்லை.

சொந்த மகள் என்பதால் நிழலாக வேறொரு பெண் போனார். சின்னப் பிள்ளைக்குத் துணையாகப் பெற்றோர் இருக்கலாம் என்பதால் அக்கா சோதனை அறையில் வெறும் அம்மாவாக உட்கார்ந்தார். ஓடிய நேரத்தைச் சொல்ல நானும் போயிருந்தேன்.

"இந்த வாரம் ஏதாவது மருந்து சாப்பிட்டியாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல டாக்டர்," என்று அக்கா முந்திக்கொண்டார்.

மகள் திகைத்துப்போனாள். "என்னம்மா, காலையில நீதானே சளி மாத்திரை குடுத்தே? முழுங்கிட்டா மறைக்கக் கூடாதுன்னு நீதானே சொல்லுவே?"

அவர் பேச்சைக் கேட்டு நடந்த ஒரே பிள்ளை அவருடைய பிள்ளைதான். எனக்குப் பாவமாக இருந்தது. கொஞ்சம் ஆத்திரமும் வந்தது. அக்கா கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"தப்பு என்னோடது டாக்டர். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"ரிசல்ட் வரட்டும்க்கா. அதுவரைக்கும் மெடல் கிடையாது. மருந்து தெரிஞ்சா பேரையே எடுத்துடுவாங்க."

மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "அப்போ நான் எட்டாவதும் இல்லையாம்மா?"

அக்கா முந்தானையால் அவள் மூக்கைத் துடைத்துவிட்டார். ஜன்னலுக்கு வெளியே அந்த ஏழு பேரும் பஸ்ஸைப் பிடிக்க ஒருத்தியை ஒருத்தி முந்திக்கொண்டு ஓடினார்கள். ஒருத்திக்கும் கால் நொண்டவில்லை.