சோபனா நின்ற குளக்கட்டு

உம்மா விழுந்து படுக்கையான பிறகு கிண்ணியாவில் இருந்து திருகோணமலைக்குப் போய்ப் படிப்பிக்க ஸஹ்ராவால் முடியவில்லை. டிப்ளோமா வகுப்பை இணையவழியில் நடத்தலாம் என்று கல்லூரி சொன்னபோது அல்ஹம்துலில்லாஹ் என்றாள். உம்மாவுக்குக் கஞ்சி பருக்கிவிட்டு, அதே அறையில் கதிரையை இழுத்துப்போட்டுப் புள்ளிவிபரவியல் படிப்பிப்பாள். அந்த வகுப்பில் படிக்கும் ஈச்சிலம்பற்றுச் சோபனாவுக்கும் அதுதான் வழி. பகலெல்லாம் கடையில் வேலை செய்பவள், நகரத்துக்கு வந்துதான் படிக்கவேண்டும் என்றால் படித்தே இருக்கமாட்டாள்.

ஆனால் பிள்ளைகளின் முகம் ஸஹ்ராவுக்குத் தெரியாது. டேட்டா முடிந்துவிடும் என்று எல்லோரும் கமராவை மூடியே வைத்திருப்பார்கள். கறுத்த கட்டங்களைப் பார்த்து, "விளங்குதா?" என்பாள். யாராவது "ஓம் மிஸ்" என்றால்தான் உயிர் வரும்.

வாய்மொழிப் பரீட்சைக்குக் கமரா கட்டாயம். அன்று பின்னேரம்தான் சோபனாவை முதன்முதலாகக் கண்டாள். மெலிந்த முகம். பின்னால் பற்றைக்காடு.

"எங்க நிக்கிறீங்க சோபனா?"

"குளக்கட்டில மிஸ். வீட்டில சிக்னல் இல்ல."

"இருட்டப்போகுதே. யானை வராதா?"

"நெடுக இங்க நிண்டுதான் படிக்கிறனான். நீங்கள் கேளுங்கோ மிஸ்."

இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். "ஐயோ!" படம் குலுங்கியது. திரை கறுத்தது.

எத்தனை தரம் எடுத்தும் அவளுடைய போன் வேலை செய்யவில்லை. வகுப்பின் வட்ஸ்அப் குழுவில் ஸஹ்ரா கேட்டாள்: "சோபனாட வீடு ஆருக்குத் தெரியும்?" ஒருவருக்கும் தெரியாது. ஒன்றாகப் படிக்கிறார்கள், வழியில் கண்டால் அடையாளம் தெரியாது. கடைசியில் வெருகலில் இருந்த நிருபன், விசாரித்துப் போய்ப் பார்ப்பதாக எழுதினான்.

"என்ன மகள், என்ன நடந்த?" என்றார் உம்மா.

"ஒண்டுமில்ல உம்மா."

பரீட்சைக்கு அந்த நேரத்தைக் குறித்தது தான்தான். கமராவைப் போடச் சொன்னதும் தான்தான். ஆர் பெற்ற பிள்ளையோ. போனை மடியில் வைத்தபடி ஓதிக்கொண்டே இருந்தாள்.

அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு ஓய்ந்த பிறகு நிருபனின் போனில் இருந்து அழைப்பு வந்தது. பேசியது சோபனா.

"மிஸ், யானை கிட்ட வந்திட்டுது. ஓடேக்க போன் குளத்துக்க விழுந்திட்டுது. எனக்கு ஒண்டுமில்ல, றோட்டில நிக்கிறம்." மூச்சு வாங்கியது. "மிச்சக் கேள்வியளுக்கு இப்பவே சொல்லட்டோ?"

ஸஹ்ராவுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "முதல்ல வீட்ட போங்க பிள்ளை!"

அடுத்த நாளே துறைத் தலைவரோடு வாதாடினாள். பரீட்சை மூதூரில் ஒரு வகுப்பறையில், பட்டப்பகலில் நடந்தது. உம்மாவைச் சொந்தக்கார மச்சியிடம் விட்டுவிட்டுப் போனாள். சோபனா தேறினாள்.

பாடங்கள் இன்னும் இணையத்தில்தான். வெளிச்சம் மங்கத் தொடங்கினால் ஸஹ்ரா பாடத்தை நிறுத்துகிறாள். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, எங்கே நிற்கிறார்கள் என்று கேட்கிறாள்.