பக்கத்தில் விட்ட இடம்

கல்கத்தாவில், டாக்குரியா பகுதியில் இருந்த சித்தப்பா வீட்டில் ஒரு கோரைப்பாய் உண்டு. வங்காளத்தில் மாதுர் என்பார்கள். மெல்லிய கோரை, ஓரத்தில் சிவப்புத் துணி வைத்துத் தைத்தது, இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். எத்தனையோ முறை அதன்மேல் உட்கார்ந்து பொரி கொறித்திருக்கிறேன், ஆனால் அதை நான் உண்மையாகப் பார்த்தது ஒரு பொங்கல் விழா மேடையில்தான். அரசன் வேடம் போட்டிருந்த சித்தப்பா அந்தப் பாயின் இடது பாதியில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். வலது பாதி காலியாக இருந்தது. ஒரு நாடகத்தின் உயிர் இப்படிக் காலியாகக் கிடக்கும் அரைப்பாயில் இருக்க முடியும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதில்லை.

சித்தப்பா கிடர்பூர் துறைமுகத்தில் சுங்கத்துறை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவரோடு அதே வேலையில் இருந்த ஒரு வங்காளி நண்பர் அதே வீட்டில் இருந்தார். அவரை நாங்கள் காக்கு என்று கூப்பிடுவோம். சித்தப்பா என்ற உறவுக்கு வங்காளத்தில் அதுதான் பெயர். ஆக, ஒரே வீட்டில் எனக்கு இரு மொழியில் இரண்டு சித்தப்பாக்கள் இருந்தார்கள். ஏன் சேர்ந்து இருக்கிறார்கள் என்று யாராவது கேட்டால், 'கல்கத்தாவில் வாடகை விற்கிற விலைக்கு ரெண்டு பேரா இருந்தாத்தான் கட்டும்' என்று என் அப்பா சொல்லுவார். சித்தப்பா அந்த வீட்டை விலைக்கே வாங்கிய பிறகும் அப்பா இந்தக் காரணத்தை மாற்றவில்லை. எங்கள் குடும்பத்தில் ஒரு விஷயத்தைப் பேசாமல் இருக்க முடிவு செய்துவிட்டால் அதற்கு ஒரு பதிலைத் தயார் செய்து வைத்துக்கொள்வோம். பிறகு அந்தப் பதிலை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

எங்கள் பகுதித் தமிழர்கள் கூடி நடத்தும் மன்றத்தில் ஆண்டுதோறும் பொங்கலுக்கு ஒரு நாடகம் போடுவோம். எழுதுவது, இயக்குவது எல்லாம் சித்தப்பா. ஒப்பனையும் விளக்கும் காக்கு. மன்றத்தின் செயலாளர், வங்கியில் பெரிய பதவியில் இருந்தவர், திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பார். அந்த வேலையை அவர் வேறு யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அவருடைய கிசுகிசுப்பு முன்வரிசைக்கு நன்றாகக் கேட்கும் என்பது ஊரறிந்த கேலி. பார்க்க வரும் கூட்டத்தில் பாதிப்பேர் அக்கம்பக்கத்து வங்காளிகள். அதனால் திரை விலகும் முன் ஒருவர் மேடையில் நின்று கதையை வங்காளத்தில் சொல்லிவிடுவது வழக்கம். அந்த ஆண்டு அந்த வேலை ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த என் மகளுக்கு வந்தது. தமிழைவிட வங்காளம் அவளுக்குச் சரளம்.

சித்தப்பா எடுத்துக்கொண்ட கதை தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த எவருக்கும் தெரிந்தது. ஒரு பழைய அரசன், அவனை ஒருநாளும் நேரில் பார்த்திராத புலவர் ஒருவர். பார்க்காமலே இருவருக்கும் அப்படி ஓர் அன்பு. மனம் நொந்த அரசன் உணவை விட்டு, வடக்கு நோக்கி உட்கார்ந்து உயிர்விட முடிவு செய்கிறான். உட்காரும்போது, 'அவர் வருவார், என் பக்கத்தில் அவருக்கு இடம் விடுங்கள்' என்கிறான். முன்பின் பார்க்காதவர் எப்படி வருவார் என்று மற்றவர்கள் நினைக்கிறார்கள். அவர் வருகிறார். அந்த இடத்தில் உட்கார்ந்து தாமும் உயிரை விடுகிறார்.

புலவராக நடிக்க இருந்தவருக்குத் திடீரென்று குவஹாத்திக்கு மாற்றல் வந்துவிட்டது. கடைசிக் காட்சியில் மட்டும் வருகிற வேடம், வசனமும் கொஞ்சம். ஒத்திகைகளைக் கேட்டுக் கேட்டே அத்தனை பேர் வசனமும் மனப்பாடமாகியிருந்த காக்குவே நடிப்பது என்று ஏற்பாடாயிற்று. அந்த வாரத்தில்தான் என் மகள் தான் பேசப்போவதைச் சொன்னாள். அரசனும் புலவரும் வெறும் நண்பர்கள் அல்ல, இன்றைய சொல்லில் தன்பாலின ஈர்ப்பு உள்ளவர்கள், அதை மேடையில் வெளிப்படையாகச் சொல்லித்தான் கதையைத் தொடங்கப்போகிறேன் என்றாள்.

இதைப் பேசச் சித்தப்பா வீட்டிலேயே கூட்டம் கூடியது. செயலாளர் கொதித்தார். "அது நட்பும்மா. சுத்தமான நட்பு. பாடப் புஸ்தகத்துல அப்படித்தான் இருக்கு" என்றார். மகள் விடவில்லை. "இதே கதையில ஒரு ராஜாவும் ஒரு பொண்ணும் இருந்திருந்தா நீங்க யாராவது ஆதாரம் கேட்டிருப்பீங்களா அங்கிள்? அமரக் காதல்னு போஸ்டரே அடிச்சிருப்பீங்க" என்றாள். நான் கல்லூரியில் பண்டைய வரலாறு கற்பிக்கிறவள் என்பதால் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். சித்தப்பா டீ ஊற்றிக்கொண்டிருந்தார். காக்கு கட்டிலில் உட்கார்ந்து புலவரின் தாடியைக் கத்தரித்துச் சரிசெய்துகொண்டிருந்தார். 'சுத்தமான நட்பு' என்ற வார்த்தை வந்தபோது கத்தரிக்கோல் நின்றது. பிறகு மறுபடி ஓடத் தொடங்கியது.

அந்த அறையில் எது பணயமாக இருந்தது என்பது எனக்கு அப்போதே தெரிந்தது, மற்றவர்களுக்கும் தெரிந்திருக்கும். மகள் அந்தச் சொல்லை மேடையில் சொன்னால், சற்று நேரத்தில் ஒரே பாயில் ஒன்றாக உட்காரப்போகிற இரண்டு கிழவர்களை மன்றம் முழுவதும் அந்தச் சொல்லை வைத்துத்தான் பார்க்கும். அவர்கள் இதுவரை தங்களைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. மாறாக, அது வெறும் நட்புத்தான் என்று வரலாறு படித்த நான் தீர்ப்புச் சொன்னால், அவர்கள் எதிரிலேயே அவர்களை இல்லையென்று ஆக்கியதாகும். சித்தப்பா என்னிடமிருந்து எதை எதிர்பார்க்கிறார் என்று அவர் முகத்தில் தேடினேன். அவர் டீயில் சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று காக்குவிடம் கேட்டார்.

வகுப்பில் சொல்வதையே அங்கும் சொன்னேன். ஆண் ஆணை நேசித்ததும் பெண் பெண்ணை நேசித்ததும் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கும். ஆனால் அதை வைத்து 'இவர் இந்த வகை மனிதர்' என்று ஆளையே பிரிப்பது பெரும்பாலும் நம் காலத்து வழக்கம். அந்த அரசனை எழுப்பிக் கேட்டால் நம் கேள்வியே அவனுக்குப் புரியாமல் போகலாம். செயலாளர் வெற்றி பெற்றவர்போல் நிமிர்ந்தார். "சார், நீங்கள் சொன்ன 'சுத்தமான' என்பதும் நம் சொல்தான். அவனுக்கு அதையும் நாம் மாட்டிவிட முடியாது" என்றேன். "ஒருவர் பக்கத்தில் ஒருவர் சாக விரும்பினார்கள். நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அதை மட்டும் சொல்லலாம்." மகளுக்குக் கோபம். "நீ மதில்மேல் பூனைம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அவள் கேட்ட கேள்வியின் நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. ராஜாக்களுக்கும் ராணிகளுக்கும் இடையில் அன்பு இருந்தது என்பதற்கு நான் ஒருநாளும் சான்று கேட்டதில்லை. அவள் சொன்ன பிறகுதான் கேட்க வேண்டும் என்றே தோன்றியது, அன்றிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

எல்லோரும் போன பிறகு சித்தப்பா என்னை வழியனுப்ப ஏரிக்கரை பஸ் நிறுத்தம் வரை வந்தார். "கிடர்பூர்ல நாங்க பார்க்காத பெட்டியா? டிக்ளேர் பண்ணலேங்கறதால உள்ள ஒண்ணுமில்லேன்னு அர்த்தம் இல்ல. அதுக்காக, திறந்து பார்க்காம வெளியில நின்னுக்கிட்டு உள்ள இதுதான் இருக்குன்னு எழுதிடவும் கூடாது. நீ ரெண்டையும் செய்யல" என்றார். அரசனைப் பற்றிச் சொல்கிறாரா என்று நான் கேட்கவில்லை. அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. செத்துப்போன அரசனுக்காக யாரும் அவ்வளவு நிம்மதிப்பட மாட்டார்கள். பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன்.

மகள் கடைசியில் கதையை மட்டும் சொன்னாள், நன்றாகவே சொன்னாள். இறுதிக் காட்சியில் தாடியும் தடியுமாகக் காக்கு வந்தார். பாயின் அருகே நின்று, வங்காள வாடை வீசும் தமிழில், "இடம் இருக்கிறதா?" என்றார். 'உனக்காகத்தான் விட்டு வைத்திருக்கிறேன்' என்பது அரசனின் பதில், சித்தப்பாவே எழுதிய வரி. அவருக்கு அது வரவில்லை. காக்குவைப் பார்த்தபடி வாயைத் திறந்தவர் அப்படியே இருந்தார். திரைக்குப் பின்னாலிருந்து செயலாளர் எடுத்துக் கொடுத்தார். மறுபடியும் எடுத்துக் கொடுத்தார். முன்வரிசை முழுவதும் கேட்டுச் சிரித்தது. சித்தப்பா பாயைக் கையால் தட்டிக் காட்டினார், காக்கு உட்கார்ந்தார். பார்த்தவர்கள் அது நடிப்பு என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

சென்ற மழைக்காலத்தில் சித்தப்பா இறந்துபோனார். மன்றத்தில் யாராவது இறந்தால் ஒரு நினைவுக் கூட்டம் உண்டு. மேடையில் படத்தை வைத்து, பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, இறந்தவருக்கு மிக நெருங்கியவரை அதில் உட்காரவைப்பார்கள். கணவர் போனால் மனைவி, அம்மா போனால் மகன் அல்லது மகள். என் அப்பா முன்பே போய்விட்டதால் செயலாளர் எனக்குப் போன் செய்து, "நீங்கதான் நெருங்கின ரத்த உறவு, நீங்களே உக்காந்துடுங்க" என்றார். காக்குவை உட்காரவையுங்கள் என்றேன். "உட்காரவைக்கலாம் மேடம். மைக்ல என்ன உறவுன்னு சொல்றது? கேட்பாங்களே" என்றார். அவர் குரலில் வெறுப்பு இல்லை, பயம்தான் இருந்தது. "அந்த ராஜா உறவு எதுவும் சொல்லவில்லையே சார். இடம் விடுங்கள் என்றுதானே சொன்னான்" என்றேன். "பார்க்கலாம்" என்று வைத்துவிட்டார்.

கூட்டத்தன்று படத்துக்குப் பக்கத்தில் அதே ஒற்றை நாற்காலி கிடந்தது. செயலாளர் மைக்கைப் பிடித்து, "குடும்பத்தின் சார்பில்..." என்று தொடங்கி என் பக்கம் பார்த்தார். நான் எழுந்திருக்கவில்லை. அப்போது வாசலில் காக்கு தெரிந்தார். கக்கத்தில் அந்தக் கோரைப்பாயைச் சுருட்டி வைத்திருந்தார். யாரும் கூப்பிடாமலே, முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி மேடைக்கு வந்தார். நாற்காலியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். பிறகு, சித்தப்பா சொல்லிக் கொடுத்திருந்ததுபோலவே கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, "இடம் இருக்கிறதா?" என்றார்.

பதில் சொல்ல வேண்டியவர் படத்தில் இருந்தார். காலமெல்லாம் வசனம் எடுத்துக் கொடுத்த மனிதருக்கு அந்த மௌனத்தைத் தாங்கிப் பழக்கம் இல்லை போலும். கையில் மைக் இருப்பதையே மறந்து, தன் பழைய கிசுகிசுப்பில் செயலாளர் எடுத்துக் கொடுத்தார். "உனக்காகத்தான் விட்டு வைத்திருக்கிறேன்." அது கூடம் முழுவதும் ஒலித்தது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அவர் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை ஓரமாக நகர்த்தி, பாயின் ஒரு முனையைத் தானே பிடித்து விரித்தார். காக்கு மெதுவாகக் குனிந்து வலது பாதியில் உட்கார்ந்தார். இடது பாதியை விட்டிருந்தார்.