கனகசபாபதி வரைந்த பாதங்கள்

காலையில் கனகசபாபதிக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. வெம்பக்கோட்டை ரோட்டோர வீட்டில், தூரிகையைக் காதில் செருகிக்கொண்டு வாசலுக்கும் வரைபலகைக்கும் நடப்பார். பட்டாசுக் கம்பெனி வேன் அவர் வீட்டெதிரேதான் நிற்கும். அது வருவதற்குள் பாண்டிலட்சுமி வந்தாக வேண்டும்.

சிவகாசி அச்சகங்களுக்காகக் காலமெல்லாம் பெண்களை வரைந்தவர். காலண்டரில் குடத்தோடு நிற்பவள், மத்தாப்புப் பெட்டியில் இடுப்பை வளைத்துச் சிரிப்பவள், எல்லாம் அவர் கைவேலை. கடைக்குள் எந்த மூலையில் நின்றாலும் அவள் நம்மைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பார்கள் முதலாளிகள். எழுபது வயதில் அவரே ஆர்டர் எடுப்பதை நிறுத்தினார். இன்றும் போன் வருகிறது, எடுப்பதில்லை. ஒரு பெண்ணையாவது அவள் இருக்கிறபடி வரைந்துவிட வேண்டும் என்பதுதான் அவர் தவிப்பு.

பாண்டிலட்சுமி, தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் திரி செருகுகிறவர். வேனுக்குக் காத்திருக்கும் நேரத்தில் படத்துக்காக வந்து நிற்கச் சம்மதித்திருந்தார். முதல் படத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.

“யாரு அண்ணாச்சி இவ? உங்க மச்சினியா?”

“நீதாம்மா.”

“நானா? எம்புட்டுச் செவப்பு! இப்படிச் சிரிச்சா போர்மேன் என்னைய வீட்டுக்கு அனுப்பிருவாரு.”

கனகசபாபதி வெள்ளை பூசி அழித்தார். மறுபடியும் அதே முகம் வந்தது. கை முதலில் கன்னக்குழிக்குத்தான் போனது. மூன்றாவது படத்தில் பாண்டிலட்சுமி அடிப்பக்கத்தைக் காட்டினார்.

“இங்கன ஏன் சும்மா விட்ருக்கீக? யாரு கடைப் பேரு வரப்போகுது?”

கனகசபாபதி திகைத்துப் போனார். காலண்டரில் முழங்காலுக்குக் கீழே கடைப் பெயரும் தேதித் தாளும் வரும். அந்த இடத்தை வெறுமையாக விட்டே கை பழகியிருந்தது. அவர் வரைந்த எந்தப் பெண்ணுக்கும் பாதம் கிடையாது.

“உன் காலைக் காட்டு.”

“ஆத்தாடி! அது வெடிச்சுல்ல கெடக்கு!” சேலையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். ஆலையில் வெடிமருந்து அறைக்குள் செருப்புப் போடக் கூடாது. வெறுங்காலோடு நடந்ததில், வெடிப்புகளில் அலுமினியத் தூள் சாம்பல் நிறத்தில் ஏறியிருந்தது.

மறுநாளிலிருந்து பாண்டிலட்சுமி உள்ளே வரவில்லை; வேன் நிற்கும் இடத்திலேயே நின்றுகொண்டார். நடந்து நடந்து சலித்த கனகசபாபதி கடைசியில் ரோட்டுக்கே போனார்.

“கோவமா பாண்டி?”

“முகத்தைக் கேட்டீக, நின்னேன். காலைப் போயி யாராச்சும் கேப்பாகளா?”

“எனக்குக் கால் வரையத் தெரியாது.”

“அம்புட்டுப் படம் போட்டவுகளுக்கா?” சிரித்துவிட்டார். உள்ளே வந்து செருப்பைக் கழற்றினார்.

இந்த முறை கனகசபாபதி கால்விரலிலிருந்து தொடங்கினார். பல காலைகளில் மெல்ல மெல்ல மேலே ஏறியது படம். பாண்டிலட்சுமி வேன் வருகிறதா என்று ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். ‘இங்கன பாரு’ என்று கனகசபாபதி சொல்லவில்லை. ஒரு கன்னமும், காதும், நரம்பு புடைத்த கழுத்தும் மட்டும் வந்தன.

முடிந்த படத்தைப் பார்த்த பாண்டிலட்சுமி இந்த முறை கேலி செய்யவில்லை.

“இவ வண்டியத் தேடுதா.”

“ஆமா.”

“அப்ப நான்தான்.” கொஞ்ச நேரம் பார்த்தார். “ஆனா இத வீட்ல மாட்ட மாட்டேன் அண்ணாச்சி. அந்தச் சிரிச்ச படம்தான் வேணும். அழிச்சிட்டீகளோ?”

வெளியே ஹாரன் அடித்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்.

கனகசபாபதி புதுத் தாளை ஒட்டினார். மத்தியானத்துக்குள் சிரித்த படம் முடிந்துவிட்டது. அதைக் காயப் போட்டுவிட்டு வண்டியைத் தேடுகிறவளின் படத்துக்கு முன்னால் வந்து குனிந்தார். சுண்டுவிரல் இன்னும் சரியாக வரவில்லை.